திகதிகளைக் காக்கும் வேலை: பாராலீகல் பணி குறித்து வாசகர் கேள்விகள்

வீடு, காணி, குடியிருப்பு ஆகியவை தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு லண்டனில் பணிபுரியும் சட்டத்தரணி ஒருவர் இப்பகுதியில் பதிலளித்து வருகிறார். இம்முறை வந்த கடிதங்களுள் பல, சமூக வீட்டுவசதித் துறையில் பாராலீகலாக, அதாவது சொலிசிட்டரின் மேற்பார்வையில் சட்ட உதவியாளராக, வேலை செய்பவர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் வந்தவை. பதில்கள் இங்கிலாந்தின் சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் பல இடங்களில் வேறுபடுகின்றன.

கேள்வி: என் மகள் சட்டம் படித்து முடித்து, லண்டன் நிறுவனம் ஒன்றில் பாராலீகலாகச் சேர்ந்திருக்கிறாள். காணி, சமூக வீட்டுவசதிப் பிரிவு என்கிறாள். காலையில் போனால் இரவுதான் வீடு திரும்புகிறாள். ஆனால் ஒரு நாள்கூட நீதிமன்றத்துக்குப் போனதாகத் தெரியவில்லை. அந்தப் பிரிவில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? (ஹாரோ வாசகி)

பதில்: அந்தப் பிரிவில் இரண்டு வகை வேலைகள் நடக்கின்றன. இரண்டுக்கும் கட்சிக்காரர் பெரும்பாலும் ஒருவரே, அதாவது ஒரு கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) அல்லது ஹவுசிங் அசோசியேஷன் (குறைந்த வாடகைக்கு வீடு கொடுக்கும் அமைப்பு). அந்தக் கட்சிக்காரர் காணி வாங்குகிறார், வீடு கட்டுகிறார், கட்டியவற்றில் சிலவற்றைப் பங்குரிமை முறையில் (வீட்டின் ஒரு பங்கை வாங்கி மீதிக்கு வாடகை கட்டும் முறையில்) விற்கிறார், மற்றவற்றை வங்கிக்கு ஈடு வைத்துக் கடன் எடுக்கிறார். இவை முதல் வகை. அதே வீட்டில் ஒரு குடும்பம் குடியேறிய பிறகு எழும் வாடகை நிலுவை, பழுது, அயலவர் தொல்லை, குடியிருப்பவர் இறந்தபின் வாடகை உரிமை யாருக்கு என்ற பிரச்சினை ஆகியவை இரண்டாம் வகை. உங்கள் மகள் முதல் வகையில் இருந்தால் நீதிமன்றத்தைப் பார்க்காமலே வருடங்கள் போகலாம், அதில் குறையொன்றுமில்லை.

முதல் வகை வேலையின் அடிப்படை, நிலப் பதிவகத்தின் உரிமைப் பதிவேட்டை வாசிப்பது. பதிவேடு மூன்று பகுதிகளைக் கொண்டது: காணியை விவரிக்கும் பகுதி, உரிமையாளரைச் சொல்லும் பகுதி, ஈடுகளையும் பிற சுமைகளையும் சொல்லும் பகுதி. அதனுடன் சிவப்புக் கோட்டால் எல்லை காட்டிய வரைபடம் ஒன்றும் இருக்கும். குப்பைத் தொட்டிகள் வைக்கும் அறை அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வெளியே நிற்கிறதா, வாகனம் நிறுத்தும் இடம் வேறொரு பதிவேட்டில் கிடக்கிறதா என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பாராலீகலாகத்தான் இருப்பார். வாங்கும் தரப்பில் இருந்தால் பதிவில் முன்னிடத்தைக் காக்கும் முன்னுரிமைத் தேடல் செய்து, அது தரும் 30 வேலை நாள் பாதுகாப்புக் காலத்துக்குள் பதிவு விண்ணப்பத்தைச் சேர்ப்பிக்க வேண்டும். விற்பனை நிறைவேறி 14 நாட்களுக்குள் முத்திரை வரிப் படிவத்தை அனுப்ப வேண்டும். முதலாவது தவறினால் இடையில் வேறொருவரின் ஈடு முன்னால் பதிவாகிவிடும் ஆபத்து உண்டு, இரண்டாவது தவறினால் தண்டப்பணம்.

வெளியாருக்கு அதிகம் தெரியாத இன்னொரு வேலையும் இருக்கிறது. ஹவுசிங் அசோசியேஷன் ஒன்று புதிய வீடுகள் கட்டக் கடன் எடுக்கும்போது ஏற்கெனவே தன்னிடமுள்ள நூற்றுக்கணக்கான வீடுகளை ஈடாகக் கொடுக்கும். அவை ஒவ்வொன்றின் பதிவேட்டையும் ஒருவர் உட்கார்ந்து வாசித்து வங்கிக்குச் சான்று தயாரிக்க வேண்டும். அந்த வீடுகளில் பல, கட்டட அனுமதி பெற்ற காலத்தில், 1990ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி கவுன்சிலுடன் செய்த ஒப்பந்தத்துக்கு உட்பட்டவை. இவை மலிவு வாடகை வீடுகளாகவே இருக்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் சொல்லும். கடன் திரும்பி வராமல் வங்கி அந்த வீட்டை விற்க நேர்ந்தால் இந்தக் கட்டுப்பாடு வங்கியையும் கட்டுமா, விட்டுவிடுமா என்பது ஒப்பந்தத்தின் நடுவே எங்கோ ஒரு பந்தியில் எழுதப்பட்டிருக்கும். விட்டுவிடும் என்றால் வீட்டின் மதிப்பீடு உயர்ந்து அதே வீட்டின்மேல் கூடுதலாகக் கடன் கிடைக்கும். கட்டும் என்றால் மதிப்பீடு இறங்கும். நூற்றுக்கணக்கான வீடுகளில் அந்த வித்தியாசம், இன்னொரு தொடர்மாடி கட்டலாமா வேண்டாமா என்பதையே தீர்மானித்துவிடும். உங்கள் மகள் இரவு தாமதமாக வருவதற்கு அந்தப் பந்தியைத் தேடுவது காரணமாக இருக்கலாம்.

கேள்வி: குடியிருப்பவர்களுக்காக வாதாடும் நிறுவனம் ஒன்றில் பழுது வழக்குகளைப் பார்க்கிறேன். எங்களுடைய கட்சிக்காரர்களில் பலர் தமிழர்கள் என்பதால் என்னை எடுத்தார்கள். நான் எழுதும் நிகழ்வுப் பட்டியலை மேலதிகாரி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறார். எதைச் சரிசெய்ய வேண்டும்? (ஈஸ்ட்ஹாம் வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பியிருந்த மாதிரிப் பக்கத்தில், பெயர்களை நீக்கிய பின்னும், முதல் வரியிலேயே காரணம் தெரிந்தது. ‘2021 முதல் குளியலறையில் பயங்கரமான பூஞ்சணம், வீட்டுக்காரர் கண்டுகொள்ளவே இல்லை’ என்று தொடங்குகிறீர்கள். இந்த வரியில் திகதி இல்லை, ஆவணம் இல்லை, யார் சொன்னார் என்பதும் இல்லை. இருப்பது கோபம் மட்டும்.

பழுது வழக்கின் சட்டம் சுருக்கமானது. 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகையாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வீட்டின் கட்டமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிப்பறை வசதிகள், சூடாக்கும் சாதனங்கள் ஆகியவற்றையும் பழுதின்றி வைத்திருக்க வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்துகிறது. வீடு மனிதர் வாழத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்ற கடமையை 2018ஆம் ஆண்டின் சட்டம் சேர்த்தது. ஆனால் வீட்டின் உள்ளே உள்ள குறைக்கு வீட்டுக்காரர் பொறுப்பாவது குறை தோன்றிய நாளிலிருந்து அல்ல. அவர் அதை அறிந்து, திருத்துவதற்கு நியாயமான காலமும் கழிந்த பிறகுதான். ஆகவே உங்கள் பட்டியலில் முதலில் தேட வேண்டிய திகதி பூஞ்சணம் வந்த திகதி அல்ல, வீட்டுக்காரருக்குச் சொன்ன திகதி. அதிலிருந்துதான் நட்டஈட்டுக் கணக்கே தொடங்குகிறது.

அந்தத் திகதியைத் தமிழ்க் குடும்பங்களிடம் கேட்டால் எப்படிப்பட்ட பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். ‘தைப்பொங்கலுக்கு முதல் கிழமை’ என்பார் ஒருவர். ‘மகன் செகண்டரிக்குப் போன வருஷம், நவராத்திரிக்குள்’ என்பார் இன்னொருவர். இவை பயனற்ற பதில்கள் அல்ல, சொல்லப்போனால் ‘மூன்று வருடத்துக்கு முன்’ என்பதைவிட மேலானவை, ஏனெனில் நாட்காட்டியை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் நீங்களாகவே அதை ஜனவரி 8 என்று எழுதிவிடாதீர்கள். ‘ஜனவரி முதல் அல்லது இரண்டாம் வாரம், கட்சிக்காரர் தைப்பொங்கலை அடிப்படையாக வைத்துச் சொல்கிறார்’ என்று எழுதிவிட்டு, தொலைபேசியில் அந்த நாட்களை ஒட்டிய அழைப்போ வாட்ஸ்அப் படமோ இருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராததால் 12 வயதுப் பிள்ளை வீட்டுக்காரரின் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பேசியிருக்கலாம். அதுவும் அறிவித்தல்தான். அந்த அழைப்பு பிள்ளையின் தொலைபேசியில் இருக்கும், அம்மாவின் தொலைபேசியில் இருக்காது. இதைக் கேட்க மறந்ததால் ஒரு வருட நட்டஈட்டை இழந்த கோப்புகள் உண்டு.

அடுத்தது வீட்டுக்காரரின் பழுதுப் பதிவேடு. வழக்குக்கு முன் அனுப்பும் கோரிக்கைக் கடிதத்தோடு கேட்டால் தருவார்கள். நெருக்கமான எழுத்தில், குறியீடுகளோடு, பல பக்கங்கள் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், குடியிருப்பவருக்கு மிகவும் பயன்படும் ஆவணம் பல வழக்குகளில் அதுதான். ஒவ்வொரு வரியிலும் முறைப்பாடு வந்த நாள், வேலை ஒதுக்கிய நாள், முடித்ததாகக் குறித்த நாள் என்று மூன்று திகதிகளைப் பாருங்கள். ஒரே பழுது மூன்று வெவ்வேறு இலக்கங்களில் மூன்று முறை ‘முடிந்தது’ என்று மூடப்பட்டிருந்தால், அது ஒருமுறைகூட முடியவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ‘வீட்டில் ஆளில்லை, உள்ளே போக முடியவில்லை’ என்ற பதிவுகளைத் தனியே எடுத்து வையுங்கள், ஏனெனில் எதிர்த்தரப்பு முதலில் தூக்கிப் பிடிப்பது அவற்றைத்தான். அந்த நாளில் கட்சிக்காரர் எங்கே இருந்தார், வருவதாக முன்கூட்டி அறிவித்தார்களா, கதவில் அட்டை ஏதும் போட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சில பதிவுகள் பொய்த்துப்போகும், சில உண்மையாகவே இருக்கும். உண்மையானவற்றையும் பட்டியலில் எழுதுங்கள். அவற்றை மறைத்த பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் சொலிசிட்டர் பேச்சுவார்த்தைக்குப் போனால், முதல் பத்து நிமிடத்தில் தலைகுனிய வேண்டிவரும்.

பட்டியலின் அமைப்பு எளிது: திகதி, நடந்தது, அதைச் சொல்வது ஆவணமா கட்சிக்காரரா, ஆவணமானால் கோப்பில் எத்தனையாவது பக்கம். பெயரெச்சங்களை வெட்டிவிடுங்கள். ‘பயங்கரமான பூஞ்சணம்’ என்பதற்குப் பதிலாக ‘படுக்கையறையின் வடக்குச் சுவர், தரையிலிருந்து ஜன்னல் உயரம் வரை கறுப்புப் பூஞ்சணம், படம் 14’ என்று எழுதினால் வாசிப்பவருக்கே பயம் வந்துவிடும்.

தமிழ் தெரிந்தவர் என்பதால் உங்களை எடுத்தார்கள் என்கிறீர்கள், எனவே இதையும் சொல்ல வேண்டும். சாட்சியின் வாக்குமூலம், முடிந்தவரை, சாட்சியின் சொந்த வார்த்தைகளிலும் சொந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்பது நீதிமன்ற விதி. ஆங்கிலம் தெரியாத அம்மாவின் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டு, அவர் வாசித்து அல்லது அவருக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற்று, அதன் மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளரின் சான்றோடு சேர்க்கப்பட வேண்டும். ‘நானே கேட்டு ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறேன், அவர் கீழே கையெழுத்துப் போட்டால் போதும்’ என்ற குறுக்குவழி பல அலுவலகங்களில் இன்றும் நடக்கிறது. குறுக்குவிசாரணையில் ‘இந்த வாக்கியம் உங்களுடையதா’ என்று கேட்டதும் அந்த அம்மா திகைத்துப்போய் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். மொழிபெயர்ப்பைக்கூட நீங்கள் செய்யாமல் வெளியாள் ஒருவர் செய்வதே நல்லது என்பது என் கருத்து. வழக்கைத் தயாரித்தவரே சாட்சியின் குரலாகவும் மாறும்போது இரண்டு வேலைகளும் கெடுகின்றன.

நாட்குறிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்குக்கு முந்திய நடைமுறையின்படி, கோரிக்கைக் கடிதம் கிடைத்ததிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் வீட்டுக்காரர் பதிலளிக்க வேண்டும், பதிலளித்ததிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் நிபுணரின் பரிசோதனை நடக்க வேண்டும். இந்த நாட்களைக் கணினியில் குறித்து வைப்பது சின்ன வேலையாகத் தோன்றும். சொலிசிட்டர் உங்களை நம்பி விட்டிருப்பது உண்மையில் அந்த ஒன்றைத்தான்.

கேள்வி: நான் எதிர்த்தரப்பில், ஹவுசிங் அசோசியேஷன் ஒன்றின் சட்டப் பிரிவில் இருக்கிறேன். ஈரக்கசிவு, பூஞ்சணம் பற்றிய புதிய விதிகள் வந்த பிறகு எங்கள் அலுவலகமே பரபரப்பாகிவிட்டது. வழக்குக் கடிதம் வந்துவிட்டால் பழுது வேலையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று பழுதுப் பிரிவினர் கேட்கிறார்கள். என்ன சொல்வது? (குரொய்டன் வாசகி)

பதில்: நிறுத்தக் கூடாது என்று சொல்லுங்கள், எழுத்தில் சொல்லுங்கள். அந்த விதிகள் எதனால் வந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு மறக்காது. 2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. ஹவுசிங் அசோசியேஷன் வீட்டின் பூஞ்சணத்தை நீண்டகாலம் சுவாசித்ததால் உண்டான நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். தந்தை 2017ஆம் ஆண்டிலேயே முறையிட்டிருந்தார்; பூஞ்சணத்தின்மேல் பெயின்ட் பூசுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. 2020 ஜூனில் குடும்பம் சட்ட உதவி நாடிக் கோரிக்கை அனுப்பியது. அதன் பிறகு, கோரிக்கையாளரின் சொலிசிட்டர் சம்மதிக்கும் வரை பழுது வேலை செய்வதில்லை என்ற அந்த அசோசியேஷனின் கொள்கையால், வேலை நின்றுபோனது. குடும்பம் உரிமையைக் கேட்டு எழுதிய கடிதமே பழுதுக்குத் தடையாயிற்று. நம் தொழிலில் இருபுறமும் இருப்பவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டிய தகவல் இது.

2023ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்த, அந்தக் குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் விதிகளின் முதற்கட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசர ஆபத்தென்றால் 24 மணித்தியாலங்களுக்குள் ஆராய்ந்து பாதுகாப்பாக்க வேண்டும். குறிப்பிடத்தக்க ஈரக்கசிவு, பூஞ்சணம் என்றால் அறிந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆய்வு முடிந்து 3 வேலை நாட்களுக்குள் எழுத்துச் சுருக்கம் கொடுக்க வேண்டும். ஆய்வு முடிந்து 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் முடியாவிட்டால் குடும்பத்துக்குத் தற்காலிக இடம், அசோசியேஷனின் செலவில்.

‘அறிந்த நாள்’ எது என்பதில்தான் உங்கள் வேலை தொடங்கும். சமையலறைக் குழாயைத் திருத்தப் போன ஊழியர் கூரையில் பூஞ்சணத்தைப் பார்த்துத் தன் கைக்கணினியில் ஒரு வரி எழுதியிருந்தால், அந்த நாளையே அறிந்த நாளாகக் கொண்டு எதிர்த்தரப்பு வாதிடும். சட்டப் பிரிவுக்குக் கடிதம் வந்த நாளை அவர்கள் ஏற்கமாட்டார்கள். பழுதுப் பிரிவின் பதிவுகளை வாரமொருமுறை நீங்களே பார்க்க அனுமதி கேளுங்கள்.

கேள்வி: குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றும் வழக்குகளுக்கு ஆவணம் தயாரிப்பது என் வேலை. நாங்களும் ஒரு காலத்தில் கவுன்சிலின் தற்காலிக வீட்டில் இருந்தவர்கள். மனம் ஒப்பவில்லை, விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: விடுவதா இல்லையா என்பதை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்காலியில் இருந்துகொண்டே செய்யக்கூடியது அதிகம் என்பதைச் சொல்வேன். வாடகை நிலுவை அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வாராவாரம் ஏறுகிறது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரச உதவித்தொகை மாதம் ஒருமுறை, அதுவும் மாதம் முடிந்த பிறகு வருகிறது. முதல் கொடுப்பனவுக்கு 5 வாரம் காத்திருக்க வேண்டும். இதனால் ஒழுங்காக வாடகை கட்டும் குடும்பத்தின் கணக்கும் சில நாட்களில் நிலுவை போலவே தோன்றும். அட்டவணையை எந்த நாளில் வெட்டினார்கள் என்பதைப் பார்த்து, ‘இது உண்மையான நிலுவை அல்ல, கொடுப்பனவு வரும் வரைக்குமான இடைவெளி’ என்று எழுதி அனுப்பக்கூடியவர் நீங்கள். சமூக வீட்டுக்காரர்களுக்கான வழக்குக்கு முந்திய நடைமுறையும் அதையே எதிர்பார்க்கிறது: முதலில் குடியிருப்பவரோடு பேச வேண்டும், உதவித்தொகை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கட்டக்கூடிய தவணைக்கு இணங்க முயல வேண்டும். அவற்றைச் செய்யாமல் போன கோப்பை நீதிபதி தள்ளிவைப்பார், செலவும் உங்கள் கட்சிக்காரரின் தலையில் விழும். கோப்பைத் திருப்பி அனுப்புவது குடும்பத்துக்கு மட்டுமல்ல, உங்கள் கட்சிக்காரருக்கும் செய்யும் சரியான வேலைதான்.

மற்றபடி, இருதரப்பிலும் வேலை செய்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. குடியிருப்பவர் தரப்பில் இருப்பவர்களெல்லாம் நல்லவர்கள் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். ‘வென்றால்தான் கட்டணம்’ என்று கதவு கதவாகத் தட்டிக் கையெழுத்து வாங்கி, பழுது திருந்துகிறதோ இல்லையோ செலவுத் தொகை கிடைத்தால் போதும் என்று கோப்பை ஓட்டுகிறவர்களும் அந்தத் தரப்பில்தான் இருக்கிறார்கள்.

கேள்வி: வாடகைக்கு இருக்கும் கவுன்சில் வீட்டைக் குறைந்த விலையில் வாங்கும் உரிமை தொடர்பான கோப்புகளை இப்போது தந்திருக்கிறார்கள். வயதான பெற்றோர் பெயரில் விண்ணப்பம், பணம் பிள்ளைகளுடையது. இதில் கவனிக்க வேண்டியது என்ன? (டூட்டிங் வாசகர்)

பதில்: முதலில் கணக்கு. 2024 நவம்பர் 21 முதல் விலையில் கிடைக்கும் கழிவு வெகுவாகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் லண்டனில் உச்சம் 136,400 பவுண். இப்போது லண்டனின் பெரும்பாலான பகுதிகளில் 16,000 பவுண்தான். பழைய தொகையை மனதில் வைத்து வருகிற குடும்பங்கள் இன்னும் உண்டு, முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். 5 வருடங்களுக்குள் விற்றால் கழிவின் பகுதியையோ முழுவதையோ திருப்பிக் கட்ட வேண்டும். தொடர்மாடி வீடானால், கவுன்சில் அனுப்பும் விலை அறிவித்தலில் அடுத்த 5 வருடங்களுக்கான பெருந்திருத்த வேலைகளின் மதிப்பீடு இருக்கும். கூரை, மின்தூக்கி என்று ஆயிரக்கணக்கில் வரும் அந்தப் பக்கத்தைப் பலர் புரட்டுவதே இல்லை.

இரண்டாவது, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம். மகன் தரும் தொகையில் ஒரு பகுதி ‘சீட்டு எடுத்த காசு’ என்பார்கள், இன்னொரு பகுதி நகை விற்றது என்பார்கள். உங்களுக்கு இது உடனே விளங்கும். ஆனால் உங்களுக்கு விளங்குவது பணச்சலவைத் தடுப்பு (குற்றப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும்) விதிகளின்படி ஆதாரமாகாது. வங்கிக் கணக்கில் எந்த நாளில், யாரிடமிருந்து, எவ்வளவு வந்தது என்று காட்ட முடியாவிட்டால் கோப்பு சொலிசிட்டரின் மேசைக்குப் போக வேண்டும். நம்முடைய ஆட்கள்தானே என்று நீங்களே தீர்மானித்துவிடக் கூடாது.

மூன்றாவதுதான் பெரிய பிரச்சினை. வீட்டை முதன்மை வதிவிடமாகக் கொண்டு 12 மாதங்கள் கூடவே வாழ்ந்த குடும்பத்தினர் மூவர் வரை, குடியிருப்பவரோடு சேர்ந்து வாங்க இடமுண்டு. கூட வாழாத பிள்ளை பணம் மட்டும் கொடுத்தால் அவருடைய பங்கு என்ன என்பது எழுத்தில் இல்லாவிட்டால், பெற்றோருக்குப் பிறகு சகோதரர்களுக்கிடையே வழக்கு வரும். அம்மாவைத் தனியாக, பிள்ளைகள் இல்லாமல், தமிழிலேயே ஒருமுறை பேச வைத்துக் குறிப்பெடுங்கள். ‘அவங்க சொன்னபடி செய்யுங்கோ தம்பி’ என்பதுதான் அவருடைய ஒரே பதிலாக இருந்தால், அதை அப்படியே எழுதிச் சொலிசிட்டரிடம் கொடுங்கள். அவருக்குத் தனி ஆலோசனை தேவை என்பதற்கு வேறு அறிகுறி வேண்டியதில்லை.

கேள்வி: கோயிலில், கலியாண வீட்டில், எங்கே போனாலும் ‘நீ லோயர்தானே’ என்று வீட்டுப் பிரச்சினை கேட்கிறார்கள். உதவி செய்யாவிட்டால் தலைக்கனம் என்கிறார்கள். எவ்வளவு சொல்லலாம்? (இல்ஃபர்ட் வாசகர்)

பதில்: பாராலீகல் என்ற பெயரை இங்கிலாந்தில் யாரும் வைத்துக்கொள்ளலாம்; அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் 2007ஆம் ஆண்டின் சட்ட சேவைகள் சட்டம் வழக்கு நடத்துவது, நீதிமன்றத்தில் வாதாடுவது, காணி உறுதி தயாரிப்பது உள்ளிட்ட 6 பணிகளை உரிமம் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. சொலிசிட்டருக்கு உதவுவது எங்கே முடிகிறது, வழக்கை நடத்துவது எங்கே தொடங்குகிறது என்பது 2025 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு பெரும் விவாதமானது. அலுவலகத்துக்குள்ளேயே நிலைமை இப்படியென்றால் கலியாண மண்டபத்தில் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அங்கே உங்களுக்கு மேற்பார்வையும் இல்லை, காப்புறுதியும் இல்லை. வீட்டுப் பிரச்சினை பேசத் தொடங்கி விசா பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வழி காட்டுவதில் தடையில்லை. பழுது என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் முறைப்பாடு, அவருடைய முறைப்பாட்டு நடைமுறையின் இரண்டு கட்டமும் முடிந்த பின், முறைப்பாடுகளை விசாரிக்கும் வீட்டுவசதி ஒம்புட்ஸ்மன், கட்டணம் இல்லை. வெளியேற்றும் நோட்டீஸ் என்றால் அன்றைக்கே சட்ட மையம் அல்லது சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பு. வழக்கு நாள் வந்தேவிட்டால், 2023 ஆகஸ்ட் முதல் வருமானம் பார்க்காமல் நீதிமன்ற வாசலிலேயே இலவச ஆலோசனை கிடைக்கிறது என்று சொல்லுங்கள். ‘போகாமல் இருந்துவிடாதீர்கள்’ என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சட்டம் படித்தேன், இங்கே இரண்டு நிறுவனங்களில் பாராலீகலாக இருந்திருக்கிறேன். சொலிசிட்டராக இந்த வேலை எண்ணப்படுமா? (வெம்ப்ளி வாசகி)

பதில்: எண்ணப்படும். 2021 செப்டம்பரில் வந்த முறையின்படி பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி, சொலிசிட்டராவதற்கான எஸ்கியூஇ தேர்வின் இரண்டு பகுதிகள், இரண்டு வருட முழுநேரப் பணி அனுபவம், நன்னடத்தைச் சோதனை ஆகியவை வேண்டும். அந்த இரண்டு வருடங்களை நான்கு நிறுவனங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம், முன்பு செய்த வேலையையும் கணக்கில் எடுக்கலாம். முதற்பகுதித் தேர்வில் 360 தெரிவுக் கேள்விகள். காணிச் சட்டமும் காணிப் பரிமாற்ற நடைமுறையும் அதில் உண்டு என்பதால் உங்கள் அன்றாட வேலை உதவும், ஆனால் குற்றவியலும் கணக்கு விதிகளும் தனியாகப் படிக்காமல் வரா. ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று முயற்சிகள்தான், எல்லாம் முதல் தேர்விலிருந்து 6 வருடங்களுக்குள். இலங்கையில் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தவராக நீங்கள் இருந்தால், பணி அனுபவ நிபந்தனையே உங்களுக்கு இல்லை, தேர்வின் சில பகுதிகளிலிருந்து விலக்கும் கேட்டுப் பார்க்கலாம். பட்டம் மட்டும் என்றால் முழு வழியையும் நடக்க வேண்டும்.

பணி அனுபவத்தைச் சான்றுப்படுத்த ஒரு சொலிசிட்டர் அல்லது நிறுவனத்தின் விதிமுறைப் பொறுப்பாளர் கையொப்பமிட வேண்டும். முந்திய நிறுவனத்தில் உங்கள் வேலையைப் பார்த்தவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரியுங்கள். எந்த மாதத்தில் எவ்வகைக் கோப்பில் என்ன செய்தீர்கள் என்று கட்சிக்காரரின் பெயரில்லாமல் ஒரு பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்புங்கள். இப்போதைய நிறுவனத்தை விட்டு விலகும் எண்ணம் இருந்தால், அங்கும் கையொப்பத்தை வாங்கிக்கொண்டு பிறகு ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.